கோடை விடுமுறையும் நம் கடமையும்

ஏப்ரல் திங்களின் இறுதியில் பள்ளிக்கூடக் கதவுகள் அடைபடுகின்றன. அன்று மாலை ஒரே வகுப்பறையிலிருந்து வெளிவரும் சிறுவர் இருவர், இரு வேறு உலகங்களுக்குச் செல்கின்றனர். ஒருவன் நீச்சலும் சதுரங்கமும் கணிப்பொறியும் பயிலக் கட்டணம் செலுத்திச் சேர்க்கப்படுகிறான். மற்றவன் கடைவீதியில் பொட்டலம் மடிக்கவோ, உணவுக்கடையில் மேசை துடைக்கவோ அனுப்பப்படுகிறான். ஜூன் திங்களில் முன்னவன் பள்ளிக்குத் திரும்புவது திண்ணம்; பின்னவன் திரும்புவான் என்பதற்கோ உறுதியில்லை. இடைப்பட்ட இந்த ஐந்தாறு வாரங்களைப் பற்றி நம் சமுதாயம் சிந்தித்துச் செயலாற்ற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோளாகும்.

விடுமுறை வேண்டாம் என்று எவரும் கூறார். பிள்ளைகள் ஓடியாடி மகிழ வேண்டும்; உற்றார் இல்லம் சென்று வரவேண்டும். ஆனால் ஏழைப் பிள்ளைக்கு அவ்விடுமுறை உண்மையில் ஓய்வாக அமைகின்றதா? 2016இல் திருத்தப்பெற்ற குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயது நிரம்பாதோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்கிறது. எனினும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்திற்குப் பின்னரும் விடுமுறை நாள்களிலும் பிள்ளைகள் உதவலாம் என்று விலக்கும் அளிக்கிறது. பெற்றோரின் உடன்பிறந்தாரும் அச்சட்டத்தின்படி குடும்பத்தாரே. எனவே ‘மாமா கடை’, ‘சிறிய தந்தை பட்டறை’ என்ற பெயரில் மே மாதத்தில் கல்லாவின் அருகே நின்ற சிறுவன், கையில் காசு புழங்கிய சுவையில் ஜூன் மாதத்திலும் அங்கேயே நின்றுவிடுகிறான். பெண்மக்கள் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்த மகளின் திருமணப் பேச்சு தொடங்குவதும் பல இல்லங்களில் இந்தக் கோடையில்தான்.

பள்ளிக்குத் திரும்பும் பிள்ளைகளிலும் ஏற்றத்தாழ்வு தலைகாட்டுகிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1982 முதல் ஒரே மாணவர் கூட்டத்தைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள், பள்ளி நடக்கும் மாதங்களில் வறியவர் பிள்ளைகளும் வசதியுள்ளவர் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் முன்னேறுவதையும், கோடையில் மட்டும் வறியவர் பிள்ளைகள் பின்தங்குவதையும் கண்டனர். பின்வந்த ஆய்வாளர் சிலர் அப்பின்னடைவின் அளவைக் குறித்து ஐயம் எழுப்பியுள்ளனர். ஆயினும், நூலில்லாத வீட்டில் வாசிப்பு துருப்பிடிக்கும் என்பதற்கு நம் ஆசிரியப் பெருமக்களின் ஜூன் மாத அனுபவமே சான்று பகரும்.

இதற்குத் தீர்வு தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1991இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் காலத்தில் எழுந்த அறிவொளி இயக்கத்தை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். ஊதியம் பெறாத தொண்டர்கள், பகலெல்லாம் வயலிலும் கல்லுடைப்பிலும் உழைத்த மக்களுக்கு மாலை வேளையில் எழுத்தறிவித்தனர். மிதிவண்டி ஓட்டக் கற்ற பெண்கள் பல்லாயிரவர். கட்டடமும் பெருநிதியும் இன்றி, மனமுள்ள மனிதர்களைக் கொண்டே கல்வி புகட்ட இயலும் என்பதை இம்மண் அன்றே மெய்ப்பித்தது.

அதே வழியை அண்மைக் காலமும் காட்டியது. கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் மூடிக்கிடந்தமை ஒரு நீண்ட விடுமுறைக்கு ஒப்பானதே. அதன் இழப்பை ஈடுசெய்யத் தமிழக அரசு 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் தம் தெருப் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். தமிழகச் சிற்றூர்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளிடையே நடந்த ஆய்வு, பள்ளிகள் மீண்டும் திறந்த ஆறு மாதங்களில் இழந்த கல்வியில் மூன்றில் இரு பங்கு மீண்டதாகவும், அம்மீட்சியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தின் பயனே என்றும் தெரிவித்தது. அண்டை வீட்டு அக்காள் நாள்தோறும் ஒரு மணி நேரம் அமர்ந்து சொல்லிக்கொடுத்ததன் பயன் இத்துணைப் பெரிது.

இனி நாம் செய்யத்தக்கவை யாவை? நம் முஹல்லாக்கள் பலவற்றில் கோடைக்காலத் தீனியாத் வகுப்புகள் நடைபெறுகின்றன. பிள்ளைகள் கூடிவிட்டனர், நிழலும் பாயும் அங்கே உள்ளன. அவ்வகுப்பு முடிந்தபின் மேலும் ஒரு மணி நேரம் தமிழ் வாசிப்பிற்கும் கணக்கிற்கும் ஒதுக்கினால் போதும். கோயில் மண்டபமும் தேவாலயக் கூடமும் இவ்வாறே பயன்படலாம். எச்சமயத்துப் பிள்ளையும் எங்கும் அமர்ந்து பயிலும் நிலை வேண்டும். பள்ளி மூடிய நாள்களில் சத்துணவும் நின்றுவிடுகிறது. ரமலானில் ஊருக்கே நோன்புக்கஞ்சி காய்ச்சும் ஜமாஅத்தின் அண்டாக்கள், மே மாதத்தில் முப்பது பிள்ளைகளுக்குக் காலைக் கஞ்சி காய்ச்ச மறுக்குமா?

அடுத்து, பத்தாம் வகுப்பில் தவறியோர். தேர்வு முடிவுகள் மே மாதத்தில் வெளிவருகின்றன. துணைத்தேர்வு ஜூன் இறுதியிலோ ஜூலையிலோ நடைபெறுகிறது. ஓர் இளைஞனின் ஓராண்டைக் காப்பதும் இழப்பதும் இந்த ஆறேழு வாரங்களில் முடிவாகிறது. தவறியவனை வசை கூறி மூலையில் அமர்த்துவதை விடுத்து, முடிவு வந்த அந்த வாரமே அவனுக்கு வகுப்புத் தொடங்குவதுதான் அறம்.

மேல்நிலை முடித்தோர்க்கு வேண்டுவது வழிகாட்டல். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்று கல்லூரி சேரும் மகளிர்க்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. இவற்றை அறியாமல் ‘படிக்க வைக்க வசதியில்லை’ என்று கைவிடும் தந்தையருக்கு, விண்ணப்பத்தை உடனிருந்து நிரப்பித் தருவதே பேருதவி.

பயிற்சி என்றவுடன் கரும்பலகையும் பிரம்பும் நினைவுக்கு வரவேண்டா. தேர்வும் மதிப்பெண்ணும் கோடையில் புகுந்தால் பிள்ளைகள் வெருண்டோடுவர். காலை வெயில் ஏறுமுன் இரண்டு மணி நேரம் போதும். அதிலும் பாதி விளையாட்டும் கதையுமாக இருக்கட்டும். திருக்கோகர்ணத்தில் 1910இல் தோன்றிய அருங்காட்சியகம் உள்ளது. ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட நூல்களைக் கொண்ட ஞானாலயா நூலகம் உள்ளது. சித்தன்னவாசல் ஓவியம் பத்துக் கல் தொலைவில் இருக்கிறது. 2024இல் மாநகராட்சியாக உயர்ந்த இந்நகரின் பிள்ளைகளில் எத்தனை பேர் இம்மூன்றையும் கண்டிருப்பர்?

இப்பணிக்கு ஆள் எங்கே எனின், இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் மாணவர்களே, நீங்கள்தாம். உங்கட்கும் அது விடுமுறைக் காலமே. தமிழ் பயிலும் ஒருவர், பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு திங்கள் வாசிக்கக் கற்பித்தால், தாம் கற்ற தமிழுக்குச் செய்யும் சிறந்த தொண்டு அதுவாகும். ஆசிரியப் பெருமக்கள் நெறிப்படுத்துக. ஜமாஅத்தார் இடமும் கஞ்சியும் ஈக. ஜூன் திங்களில் வருகைப் பதிவேட்டை ஆசிரியர் விரித்து அழைக்கும்பொழுது, சென்ற ஆண்டிருந்த பெயர் ஒவ்வொன்றிற்கும் ‘உள்ளேன் ஐயா’ என்னும் மறுமொழி எழ வேண்டும். ஒரு பெயருக்கு அம்மொழி எழவில்லையாயினும், அக்குறை நம் அனைவருடையதுமாகும்.