விநியோகித்த குஞ்சுகளா, பிழைத்த குஞ்சுகளா?

புறக்கடைக் கோழி வளர்ப்பைப் பற்றிய விவாதங்கள் இந்தியாவில் பெரும்பாலும் இனத்தைச் சுற்றியே நிகழ்கின்றன. ஐதராபாத்திலுள்ள கோழியின ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜாவும் கிராமப்ரியாவும் எத்தனை முட்டையிடும், எவ்வளவு எடை கூடும் என்பதே முதற்கேள்வி. ஆனால் முட்டையும் எடையும் பிழைத்த கோழியின் கணக்கு. அதற்கு முன் ஒவ்வொரு குஞ்சும் கடந்தாக வேண்டிய முதற்பத்து நாள்கள் உண்டு. அந்நாள்களில் அதைக் காப்பது இனப்பெருமை அன்று. வெப்பம், நீர், உற்றுநோக்கும் ஒருவரின் கண் ஆகியவையே.

இது சிறிய விஷயமும் அன்று. 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு, நாட்டின் 85.18 கோடி கோழியினப் பறவைகளில் 31.7 கோடி புறக்கடையில் வளர்வதாகக் காட்டியது. 2012ஆம் ஆண்டின் கணக்கைவிட இது ஏறத்தாழ 46 விழுக்காடு மிகுதி. இப்பறவைகளைப் பேணுவோர் பெரும்பாலும் ஊரகப் பெண்கள். திட்ட அறிக்கையில் ஒரு குஞ்சின் சாவு ஓர் எண். அவர்களுக்கோ அது வரவிருந்த முட்டை, பள்ளிச் செலவு, அவசரத்துக்குக் கைகொடுக்கும் சிறுசேமிப்பு.

குஞ்சு வெளிவருமுன் மஞ்சட்கருவின் எஞ்சிய பகுதி அதன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. அதைக்கொண்டு இரண்டு, மூன்று நாள்கள் தீனியின்றியும் அது தாக்குப்பிடிக்கும். ஒரு நாள் குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்துத் தொலைதூரம் அனுப்ப முடிவது இதனால்தான். ஆனால் உயிரோடு வந்து சேர்வது வேறு, நலமாக வந்து சேர்வது வேறு. வழியெல்லாம் வெயிலும் குளிரும் நீரின்மையும் தாக்கிய குஞ்சு, புரூடருக்குள் வரும்போதே களைத்துப் போயிருக்கிறது.

தன் உடல் வெப்பத்தைத் தானே நிலைநிறுத்தும் ஆற்றல் அந்த வயதில் அதற்கு முழுமையாக இல்லை. ஆகவே முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பின்னர் வாரந்தோறும் மூன்று டிகிரி அளவில் குறைக்கலாம். வெப்பமானி இல்லாத வீட்டில் குஞ்சுகளே வெப்பமானி. விளக்கின் அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர். விளக்கை விட்டு விலகி, வாய் திறந்து இரைத்தால் வெக்கை. ஒரே பக்கம் ஒதுங்கினால் காற்று வீச்சு. பரவலாகப் படுத்தும் மேய்ந்தும் இருந்தால் நலம். மூலையில் குவிந்து நசுங்காதிருக்கவே புரூடரைச் சுற்றி வட்டத் தடுப்பு வைக்கிறார்கள்.

சோர்ந்த குஞ்சுக்குச் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் வெப்பம், அடுத்து நீர், பிறகே தீனி. குளிர்ந்துபோன குஞ்சால் உண்டதைச் செரிக்க இயலாது. துவண்டு கிடக்கும் குஞ்சின் வாயில் நீரை ஊற்றினால் அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஆகவே சற்றுத் தெளிந்தபின் அலகு நுனியை மட்டும் நீரில் நனைத்துக் காட்ட வேண்டும். பின்புறத்தில் எச்சம் அப்பிக் காய்ந்திருந்தால் பிய்த்தெடுக்காமல், வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடைத்து, ஈரம் உலர்ந்தபின் விட வேண்டும். பிற குஞ்சுகள் கொத்தாதிருக்க அதைப் பிரிக்கத்தான் வேண்டும். எனினும் தனிமையே அதற்கு ஓர் அழுத்தம். அதே புரூடருக்குள் கம்பிவலைத் தடுப்புக்கு அப்பால், மற்றவற்றைக் காணவும் கேட்கவும் கூடிய தொலைவில் வைப்பதே நன்று. எச்சத்தில் இரத்தம் கண்டாலோ, ஒரே நாளில் பல குஞ்சுகள் மடிந்தாலோ அது வீட்டுப் பராமரிப்பின் எல்லையைக் கடந்தது. கால்நடை மருத்துவரிடம் சென்றாக வேண்டும்.

இவ்வளவும் எளிய அறிவு. எளியது என்பதாலேயே இது அறிவாக மதிக்கப்படுவதில்லை. அவ்விடத்தை மருந்துப் பொட்டலம் எளிதில் நிரப்பிவிடுகிறது. குளிரால் சோர்ந்த குஞ்சுக்கு நுண்ணுயிர் எதிர்ப்பி தருவது பயனற்றது. மருந்தை எதிர்க்கும் கிருமிகளுக்கு அது வழிவிடுகிறது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளில் கோலிஸ்டின் மருந்தை இந்திய அரசு 2019 ஜூலையில் தடைசெய்தது இவ்வச்சத்தால்தான். தடை தேவையானது, ஆனால் மருந்தின் இடத்தில் பராமரிப்பை வைக்காத தடை பாதி வேலைதான்.

கொள்கைகள் ஒன்றையொன்று பார்ப்பதில்லை என்பதற்கும் புரூடரே சான்று. 2015இல் தொடங்கிய உஜாலா திட்டம் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்இடி விளக்குகளை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது. மின்சேமிப்பில் அது பெரும் வெற்றி. ஆனால் அட்டைப்பெட்டியில் குஞ்சு வளர்த்தவர்களுக்குப் பழைய குண்டு பல்பு தந்தது வெளிச்சத்தை மட்டுமன்று, வெப்பத்தையும். எல்இடி அந்த வேலையைச் செய்யாது. மின்வெட்டு நேரும் ஊர்களிலோ பல்பும் போதாது. கரி அடுப்பு வேண்டும், அதன் புகை வெளியேற வழியும் வேண்டும்.

நலிந்த குஞ்சைக் கழித்துவிடுவதே சிக்கனம் என்று வணிகப் பண்ணையின் தரப்பு கூறும். பல்லாயிரம் குஞ்சுகளின் நடுவே அது செல்லுபடியாகலாம். இருபது குஞ்சுகளே உடைய வீட்டில் நான்கு மடிந்தால் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. பெரும்பண்ணையின் கணக்கைச் சிறு முற்றத்தின்மீது சுமத்துவது அறிவியலாகாது.

2021இல் திருத்தப்பட்ட தேசியக் கால்நடை இயக்கம், தாய்க்கோழிப் பண்ணை, குஞ்சுப் பொரிப்பகம், குஞ்சு வளர்ப்பகம் ஆகியவற்றை அமைக்க 50 விழுக்காடு மூலதன மானியம் வழங்குகிறது; உச்சவரம்பு 25 லட்சம் ரூபாய். கட்டடத்துக்கு நிதி உண்டு. ஏழாம் நாளிலும் இருபத்தெட்டாம் நாளிலும் எத்தனை குஞ்சுகள் உயிரோடிருந்தன, மடிந்தவை எதனால் மடிந்தன என்ற பதிவே வெற்றியின் அளவுகோலாக வேண்டும். ஆய்வேடுகளும் இறப்பு விகிதத்தை அட்டவணையின் கடைசி நிரலில் ஒதுக்காமல் முதற்கேள்வியாக்க வேண்டும். விநியோகித்த குஞ்சுகளை எண்ணுவது நிர்வாகம். பிழைத்த குஞ்சுகளை எண்ணுவதே வளர்ச்சி.