கொல்லிமலை வானில் ஒரு நட்சத்திரத் தேன்கூடு!

தமிழ்நாட்டின் முதல் "இருள் வானப் பூங்கா"வுக்கு, நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை அரசு தேர்ந்தெடுத்திருக்கிறது. இடம், அரியூர் சோலைக் காடு. ஊர் விளக்குகளின் தொல்லை இல்லாமல் மக்கள் வானத்தைப் பார்க்க வேண்டும் என்பது நோக்கம்.

இருட்டில் பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். மே மாதம், நிலா இல்லாத நாள், இரவு 9 மணி வாக்கில் மலையில் நின்று தெற்கே பார்த்தால், பஞ்சுத் துணுக்குப் போல மங்கலாக ஒரு புள்ளி தெரியும். அதன் பெயர் ஒமேகா சென்டாரி.

அது ஒரு நட்சத்திரம் அல்ல. சுமார் 1 கோடி நட்சத்திரங்கள்! தேன்கூட்டில் ஈ மொய்ப்பது போல, உருண்டையாகத் திரண்டு நிற்கின்றன. அங்கிருந்து ஒளி இங்கே வந்து சேர ஏறத்தாழ 17 ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன.

இந்தக் கூட்டுக்குள் சில இடங்களிலிருந்து எக்ஸ்-ரே கதிர் வருகிறது. ஆஸ்பத்திரியில் எலும்பைப் படம் பிடிக்கிறார்களே, அதே இனத்துக் கதிர்தான். ஆனால் மிக மெல்லியது. பூமியைச் சுற்றியுள்ள காற்று அதைத் தடுத்துவிடும். ஆகவே கொல்லிமலையில் எவ்வளவு பெரிய தொலைநோக்கியை வைத்தாலும் அது தெரியாது. காற்றைத் தாண்டி மேலே போக வேண்டும்.

1999 ஜூலையில் அமெரிக்கா அனுப்பிய எக்ஸ்-ரே தொலைநோக்கி அதைப் பார்த்தது. அதன் பெயர் "சந்திரா". யார் அந்தச் சந்திரா? சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகர்தான்!

விசில் அடித்தது யார்?

கதிர் வருவது தெரிந்தால் போதுமா? எந்த நட்சத்திரம் அதை விடுகிறது? தேர்க் கூட்டத்தில் யாரோ விசில் அடித்தால், அடித்த ஆளைப் பிடிப்பது போன்ற வேலை இது. "சந்திரா" காட்டும் சிறு வட்டத்துக்குள் பல நட்சத்திரங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மற்றவற்றைவிட நீலமாக இருக்கிறதா? சூடான ஹைட்ரஜன் வாயுவுக்கு உரிய சிவப்பு ஒளி கூடுதலாக வருகிறதா? அப்படியானால் அதன்மேல் சந்தேகம்!

முடிவு 2013-ல் வெளிவந்தது. 109 இடங்களில் தேடியதில், 59-க்குத்தான் ஆள் அகப்பட்டது. அந்த 59-லும் சுமார் 40 மட்டுமே கூட்டைச் சேர்ந்தவை. மற்றவை முன்னாலோ பின்னாலோ இருந்துகொண்டு ஏமாற்றியவை.

27 இடங்களில் இருப்பவை இரட்டை நட்சத்திரங்கள் என்று கருதுகிறார்கள். இரண்டில் ஒன்று செத்த நட்சத்திரம். "வெள்ளைக் குள்ளன்" என்று அதற்குப் பெயர். பூமியளவு உடம்பு, எடையோ ஏறக்குறைய சூரியன் அளவு! பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவை அது உறிஞ்சுகிறது. விழும் வாயு கொதித்து எக்ஸ்-ரே கிளம்புகிறது.

இந்தக் குள்ளனுடைய எடைக்கு ஒரு வரம்பு உண்டு என்று 1930-ல், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே கணக்குப் போட்டவர் சந்திரசேகர். அப்போது அவருக்கு வயது 19. சூரியனைப் போல 1.4 மடங்கு என்பது அந்த வரம்பு. 1983-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மீதி 50 இடங்களுக்கு அந்தத் தேடலில் விடை கிடைக்கவில்லை. அதைத் தேட விண்வெளிக்குப் போக வேண்டும். கூட்டைக் கண்ணால் பார்க்கக் கொல்லிமலையே போதும். ஆனால் இருட்டு இருக்க வேண்டுமே! பூங்காவுக்கு ஆள் வந்தால் கடை வரும், விடுதி வரும், விளக்கும் வரும். மலைவாசிகளுக்குத் தெருவிளக்கு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. விளக்குக்கு மேலே மூடி போட்டு, ஒளியைத் தரையில் மட்டும் விழச் செய்யலாம். வழியும் தெரியும், வானமும் கெடாது. விடுதிகள் எழும்பும் முன்பே அந்த ஏற்பாட்டைச் செய்தாக வேண்டும்.