நீரிழிவும் செவிலியர் தொண்டும்

மருத்துவத்திற்கு உறுப்புகள் நான்கு என்றும், நோயாளியும் மருத்துவனும் மருந்தும் போலவே, அருகிருந்து பணிபுரிபவனும் அவற்றுள் ஒருவன் என்றும் வகுத்தார் திருவள்ளுவர். இந்நான்காம் உறுப்பை நாம் மறந்தோம். மருத்துவரைப் போற்றுகிறோம், மருந்தை விலை கொடுத்து வாங்குகிறோம், செவிலியரையோ ஊசி குத்துவோர், படுக்கை விரிப்போர் என்ற அளவிலேயே எண்ணி விடுகிறோம். இவ்வெண்ணம் எந்நோயிலும் பிழையே. நீரிழிவிலோ அது உயிருக்கும் உறுப்புக்கும் கேடாய் முடியும் என்பது எம் கருத்து.

நம் உடலில் நாளமில்லாச் சுரப்பிகள் எனப்படுபவை, தாம் சுரக்கும் சத்தை நேரே குருதியிற் கலக்கின்றன. கணையத்தினின்று வரும் இன்ஸுலின் அத்தகையது. அது குறைந்தாலும், உடல் அதற்கு இணங்காதொழிந்தாலும் நீரிழிவு தோன்றும். 1921-ம் ஆண்டில் கனடா தேசத்து டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்போர் இன்ஸுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் அந்நகரத்து ஆஸ்பத்திரியொன்றில் 14 வயதுச் சிறுவனொருவனுக்கு அது முதன்முதல் ஏற்றப்பட்டது. அதற்கு முன், கடும் பட்டினியே சிகிச்சையாயிருந்தது. எனினும் இன்ஸுலின் நோயை அறவே ஒழிப்பதன்று. நாள்தோறும் அளந்து கையாள வேண்டிய துணை. ஆகவே இந்நோயின் சிகிச்சை பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் நடைபெறுவதில்லை. அடுக்களையிலும் தறியிலும் வழிப்பயணத்திலும் நடைபெறுகிறது. மருத்துவர் சீட்டெழுதச் சில நிமிடங்கள் போதும். அச்சீட்டின்படி ஒருவன் வாழக் கற்பதற்கோ ஆசான் ஒருவர் வேண்டும். செவிலியரே அவ்வாசான்.

நம் சேலம் நாமக்கல் சமவெளியையே நோக்குவோம். அம்மாபேட்டையில் குழித்தறியில் அமர்ந்து வெறுங்காலால் மிதிபலகையை மிதிக்கும் நெசவாளர் ஒருவர்க்கு நீரிழிவு பல்லாண்டுகளாய் உளது எனக் கொள்வோம். அவர் பாதத்தின் நரம்புகள் உணர்ச்சி குன்றியிருக்கலாம். முள் தைத்தாலும் அவர் அறியார்; கொப்புளம் புண்ணாகிச் சீழ் வைத்த பின்னரே அறிவார். அந்நிலையில் காலையே இழக்க நேர்தலும் உண்டு. நாள்தோறும் இரவில் பாதத்தை விளக்கொளியில் பார்த்தலும், கழுவி விரலிடுக்கை ஈரமற்றத் துடைத்தலும், வெறுங்காலோடு நடவாமையும் அக்காலைக் காத்திருக்கும். இவற்றுக்குச் செலவு யாது? சொல்லித் தருவார் இன்மையே குறை.

இனி, நாமக்கல்லினின்று வடதேசம் நோக்கிச் செல்லும் லாரி ஓட்டுநரை எண்ணுக. ஊசி போட்ட பின் உண்ணத் தாமதமாயின், குருதியிற் சர்க்கரை தாழும். வியர்வை, நடுக்கம், கடும் பசி, மனக்கலக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். வண்டியை உடனே ஓரங்கட்டி நிறுத்தி, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரிற் கரைத்துக் குடித்து, கால்மணி நேரங் கழித்து மீண்டும் சோதித்து, குறை நீங்காவிடின் மறுமுறையும் அவ்வாறே செய்தல் வேண்டும். உணர்விழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. இவற்றை அறியாத ஓட்டுநர்க்கும், அவர் எதிரே வருவோர்க்கும் நேரும் ஆபத்தை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மருந்தைக் காத்தலும் ஒரு கல்வியே. திறவாத இன்ஸுலின் குப்பி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருத்தல் வேண்டும். உறைந்து விட்டாலோ பயனற்றுப் போம். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக் கூரையின் கீழ்க் குளிர்ப்பெட்டி இல்லாதார், நீர் நிறைந்த மட்பானையினுள் நனையாதவாறு ஒரு கிண்ணத்தில் குப்பியை வைத்துச் சூட்டைத் தணித்துக் கொள்ளலாம். ஓரிடத்திலேயே ஊசி போட்டு வரின் அங்குக் கட்டி தோன்றி, மருந்து ஒழுங்காய் உடலிற் சேராது. நோயாளி பெண்ணாயின் இடர் இன்னும் மிகும். வீட்டார் அனைவரும் உண்ட பின் எஞ்சியதைக் காலந்தப்பி உண்பவளுக்கு, வேளைக்கு ஊண் என்னும் விதி எங்ஙனம் கைகூடும்? ஆகவே செவிலியர் நோயாளியை மட்டுமன்றிக் குடும்பத்தாரையும் அருகழைத்துப் பேச வேண்டுவதாகிறது.

அரசினர் வாளாவிருந்தனர் என்று நாம் கூறோம். முன்னாளில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த கிருஷ்ணகிரிப் பகுதியில், சாமனப்பள்ளி என்னும் ஊரில், 2021 ஆகஸ்டு 5-ம் நாள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பெற்றது. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு ஆகியவற்றுக்குரிய மாத்திரைகளை வீடு தேடிச் சென்று தரும் இத்திட்டம் போற்றத்தக்கது. 2022-ல் நாமக்கல்லில் மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. எனினும் மாத்திரை வீடு சேர்வது பாதி. அறிவும் உடன் சேர்வதே மறுபாதி. தாலுகா ஆஸ்பத்திரிதோறும் நீரிழிவுக் கல்விக்கெனவே பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் நியமிக்கப்படல் வேண்டும். அவர் வேறு பணிக்கு இழுக்கப்படாதிருத்தலும் வேண்டும்.

செவிலியர் தொகையே போதாதபோது இது கூடுமோ என்பார் உளர். கால் இழந்தவர் வாரக்கணக்காய்ப் படுக்கையிற் கிடக்கையில் அவர்க்கு வேண்டும் செவிலியர் நேரம் எத்துணை என்று அவர் கணக்கிடுக. மருத்துவர் அதிகாரத்திற் செவிலியர் தலையிடுவதாகும் என்பாரும் உளர். மருந்தின் அளவை விதித்தல் வேறு. விதித்ததை வாழ்விற் பொருத்திக் காட்டுதல் வேறு.

மிஷன் கல்லூரியார்க்கு இஃது அயலான செய்தியன்று. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-ல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். மருத்துவருக்குத் தோள் கொடுக்கக் கற்றறிந்த பெண்டிர் வேண்டுமென்று அவர் அந்நாளிலேயே உணர்ந்திருந்தார். நல்ல சமாரியன் கதையை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். காயங் கட்டியவனை நினைவிற் கொள்கிறோம். அவன் சென்ற பின் அடிபட்டவனைப் பேணும் பொறுப்பேற்ற சத்திரக்காரனை மறந்து விடுகிறோம். நீரிழிவு ஒரு நாளில் ஆறும் காயமன்று. அதற்கு வேண்டுவது அச்சத்திரக்காரனது பொறுமை. மாணாக்கராகிய நாம் நம் ஊர்க்குத் திரும்புங்கால், நம் வீட்டு முதியோர் பாதத்தை ஒருமுறை குனிந்து பார்ப்போமாயின், அத்தொண்டில் நமக்கும் சிறு பங்கு உண்டாம்.