முதுகுவலியும் சிறுதுளைச் சிகிச்சையும்

தீர்த்தமலை வட்டாரத்தில் முதுகுவலியை அறியாத அங்கத்தினரைக் காண்பது அரிது. தறிக்குழியில் கால்களை இறக்கி நாள் முழுவதும் குனிந்திருப்பவருக்கும், குச்சிக்கிழங்கைப் பிடுங்கி மூட்டை கட்டி வண்டியில் ஏற்றுபவருக்கும் இடுப்பே முதல் மூலதனம். அது பழுதுபட்டால் தறியும் நிற்கும், தவணையும் நிற்கும். பயிர்ச் செலவுக்கென்று நகையை ஈடு வைத்துப் பெற்ற தொகை முதுகு ஆபரேஷனுக்குச் சென்றதென்று அங்கத்தினர்கள் கூற நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆகவே இது வைத்தியர்கள் மட்டும் பேசவேண்டிய விஷயமன்று, கூட்டுறவாளரும் பேசவேண்டியதே.

இன்று பெரிதும் பேசப்படுவது சிறுதுளைச் சிகிச்சை. முதுகெலும்புகளுக்கிடையே மெத்தைபோல் அமைந்த வட்டுகளில் ஒன்று கிழிந்து, அதன் உட்பொருள் பிதுங்கி நரம்பை அழுத்தினால், வலி இடுப்பிலிருந்து தொடை வழியாகப் பாதம்வரை இறங்குகிறது. இந்த உண்மையை அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வைத்தியர்களான மிக்ஸ்டரும் பாரும் 1934-ல் வெளியிட்டனர். அன்று முதுகை நீளக் கீறி, தசையை எலும்பிலிருந்து விலக்கியே பிதுங்கிய துண்டை எடுத்தார்கள். 1977-ல் நுண்ணோக்கியின் துணைகொண்டு சிறு கீறலில் செய்யும் முறை வெளிவந்தது. 1990-களில் விரல் பருமனுள்ள குழாயைத் தசைகளினூடே செலுத்திச் செய்யும் முறை வந்தது. அதனினும் குறுகிய துளை வழியே காமிராக் கருவியைச் செலுத்தும் முறையும் இன்று வழக்கில் உள்ளது. தசைச் சேதம் குறைவு. பலர் ஓரிரு நாளில் வீடு திரும்புகின்றனர். இவையெல்லாம் மெய்யே.

ஆனால் துளை சிறிதாயினும் உள்ளே செய்யப்படும் வேலை அதுவேதான் என்பதை மறத்தலாகாது. பாவில் விழுந்த முடிச்சை நெசவாளர் நீக்குவதுபோல, நரம்பை அழுத்தும் துண்டு நீக்கப்படுகிறது. இற்றுப்போன நூல் அதனால் புதுநூலாகிவிடுவதில்லை. காலில் இறங்கும் நரம்பு வலிக்கு இச்சிகிச்சை நன்கு உதவும். இடுப்பளவில் நிற்கும் பொதுவான வலிக்கு இதனால் பயன் உறுதியில்லை. தழும்பு சிறிதென்பதற்காகப் பலனும் மிகுதி என்று எண்ணுவதற்கும் ஆதாரமில்லை. நெதர்லாந்து நாட்டில் 328 நோயாளிகளைக் கொண்டு குழாய் முறையையும் வழக்கமான நுண்ணோக்கி முறையையும் ஒப்பிட்டு 2009-ல் வெளியான ஆய்வில், குழாய் முறை மேலானதாகக் காணப்படவில்லை. ஓராண்டின் முடிவில் அவர்களுக்கு வலி சற்று அதிகமாகவே இருந்தது.

பொறுத்திருப்பதால் என்ன ஆகும்? அதே நாட்டில் 2007-ல் வெளியான மற்றோர் ஆய்வு, கடுமையான கால் நரம்பு வலியுடன் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் அவதியுற்ற 283 பேரை இரு பிரிவாக்கியது. உடனே ரண சிகிச்சை பெற்றோருக்கு வலி விரைவில் தணிந்தது. பொறுத்திருந்தோரில் நூற்றுக்கு 39 பேர் பின்னர் ரண சிகிச்சையை நாடினர். மற்றவர்க்கு அது தேவைப்படவில்லை. ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தனர். ஆக, பெரும்பாலானோர் விலை கொடுத்து வாங்குவது குணத்தை அன்று. குணம் சீக்கிரம் வருவதையே. தறியை மூன்று மாதம் நிறுத்த இயலாதவருக்கு அந்தச் சீக்கிரமும் மதிப்புடையதே. அதை அவர் அறிந்து வாங்கவேண்டும் என்பதே நம் வாதம்.

நம் தலைநகரிலும் இதற்கு இணையான பாடம் உண்டு. முதுகெலும்புக் காசநோய்க்குப் பெரிய ரண சிகிச்சை இன்றியமையாததா என்று சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தார் சோதித்தனர். மருந்து மட்டும் உண்டு நடமாடி வந்தோர், ரண சிகிச்சையும் பெற்றவர்களுக்குச் சற்றும் குறையாமல் குணமடைந்திருந்தனர் என்பதை 1999-ல் வெளியான பத்தாண்டு அறிக்கை காட்டியது.

இதற்கு நேர்மாறான பிழையும் நம் ஊர்களில் உண்டு. முதுகில் கத்தி வைத்தால் கால் விழுந்துவிடும் என்று அஞ்சி, வைத்தே தீரவேண்டியவரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கிடக்கிறார்கள். சிறுநீர் தடைபட்டாலும், தன்னையறியாமல் கழிந்தாலும், ஆசனப் பகுதி மரத்துப் போனாலும், பாதம் தளர்ந்து செருப்பு நழுவினாலும், காய்ச்சலோடு முதுகு வலித்தாலும், புளியமரத்திலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டாலும் ஒரு நாளும் தாமதித்தல் கூடாது. முதலிரண்டு குறிகளில் மணிக்கணக்கே முக்கியம்.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சைக்கு இடமுண்டு. அட்டை பெறாத அங்கத்தினர் வலி வருமுன்னரே பெற்றுக்கொள்வது நலம். உத்தேசிக்கப்படும் சிகிச்சை அதில் அடங்குமா என்பதையும் முன்கூட்டியே விசாரிக்கவேண்டும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை. முதுகு ஆபரேஷனுக்கென்று எவரேனும் கடன் கேட்டு வந்தால், அவ்விரண்டில் ஒன்றில் இரண்டாவது அபிப்பிராயம் பெற்றீர்களா என்று சங்கச் செயலாளர் கேட்கவேண்டும் என்பது நம் கருத்து. அங்கத்தினரின் சொந்த விஷயத்தில் சங்கம் தலையிடலாமா என்று சிலர் ஆட்சேபிப்பர். கடனை மறுக்கச் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்கத்தான் சொல்கிறோம். நகை ஏலத்திற்கு வந்தபின் தலையிடுவதைவிட இது மரியாதையானது.

செலவில்லாத காரியங்களும் உள. தறிக்குழியின் ஆழமும் உட்காரும் பலகையின் உயரமும் நெய்பவரின் காலளவுக்கு இசைந்தால் குனிவு குறையும். தச்சருக்கு அரைநாள் வேலை. 2021 ஆகஸ்டில் அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் இல்லம் தேடி வருகிறது, கேட்போர்தான் குறைவு. யூரியா மூட்டை 2018 முதல் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைந்தது. உரச் சிக்கனம் கருதிச் செய்யப்பட்ட மாற்றம் அது. தூக்குவோரை எண்ணிச் செய்யப்பட்டதன்று. ஆயினும் கிழங்கு மூட்டையை எத்தனை கிலோவுக்குக் கட்டுவது என்பது நம் கையில்தான் இருக்கிறது. அடுத்த மகாசபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.