தெளிந்த தண்ணீரும் சுத்தமான தண்ணீரும்

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பது நம் பழமொழி. முப்பத்து மூன்று வருடம் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். அமீனாவைப் பற்றிப் பேச மாட்டேன், அவர் தம் வேலையைச் செய்தார். ஆமைக்காகத்தான் இன்று வக்காலத்து வாங்கி வந்திருக்கிறேன். நான் பார்த்தவரையில் உருப்படாமல் போவது வீடு அல்ல, அதற்குள் கொண்டுவரப்பட்ட ஆமைதான்.

இரண்டு வருடத்துக்கு முன் பேரனின் பிறந்த நாளைக்கு, காதருகே சிவப்புக் கோடு போட்ட குட்டி ஆமைகள் இரண்டு வாங்கினேன். பழைய ஒரு ரூபாய்க் காசு அளவுதான். அரை லிட்டர் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் டப்பா, நடுவில் ஒரு பிளாஸ்டிக் தென்னை மரம், காய்ந்த இறால் ஒரு பொட்டலம். "சார், இதுக்கு மேல இது வளராது. வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி மாத்தினாப் போதும்" என்றார் கடைக்காரர். இரண்டு வாக்கியம், இரண்டும் பொய். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து ஜீவன் அது. பெண் ஆமை ஓர் அடி வரை வளரும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இருபது, முப்பது வருடம் இருக்கும். எனக்கு வயது எழுபத்து நான்கு. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் நாள் ஒன்று செத்துப்போனது. இரண்டு கண்ணும் வீங்கி மூடி, மூன்று நாளாக ஒன்றும் தின்னவில்லை. பேரன் அழவில்லை. "தண்ணி நல்லாத்தானே தாத்தா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டான். ஆமாம், கண்ணாடி போலத் தெளிவாகத்தான் இருந்தது.

அப்போதுதான் எங்கள் பிரெஞ்சுப் பள்ளி விஞ்ஞான வாத்தியார் ஞாபகம் வந்தார். ஒரு நாள் கண்ணாடிக் குவளையில் தண்ணீரைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். "ப்ரோப்ர், முசியே" என்று கத்தினோம். சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தம். முன்வரிசையில் இருந்த என்னைக் கூப்பிட்டு ஒரு வாய் குடிக்கச் சொன்னார். வாயெல்லாம் உப்பு. "இது க்லேர், ப்ரோப்ர் அல்ல" என்றார். தெளிவு வேறு, சுத்தம் வேறு. அறுபது வருடம் கழித்து அந்தப் பாடத்தை ஓர் ஆமைக்குட்டியின் உயிரைக் கொடுத்து மறுபடி படித்தேன்.

விஷயம் இதுதான். அந்த ஆமை தண்ணீரில்தான் சாப்பிடும், தண்ணீரில்தான் கழியும். தின்றது போக மிச்சமும் கழிவும் அழுகினால் அம்மோனியா. அது கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்குத் தெரிவதற்குள் ஆமையின் கண்ணையும் தோலையும் அரித்திருக்கும். வெறும் காய்ந்த இறாலைப் போட்டால் வைட்டமின் ஏ குறைந்தும் கண் வீங்கும். என் வீட்டில் இரண்டு குற்றமும் நடந்தன.

பிறகு நான் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். மிஞ்சிய ஒன்றுக்கு மூன்றடிக் கண்ணாடித் தொட்டியும் ஃபில்டரும் வாங்கினேன். ஆபீஸ் பழக்கம், தினம் காலை தொட்டியைக் காலி செய்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து வைத்தேன். தண்ணீர் பால் போலக் கலங்கியது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற நல்ல பாக்டீரியா அந்த ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கிறது. அது முழுதாகக் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். தினம் காலை நான் அதற்கு ஜப்தி நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தேன். அமீனா வேலை பார்த்தது நான்தான்!

இப்போது வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மட்டும் மாற்றுகிறேன். குழாய்த் தண்ணீரை முதல் நாளே அகல வாளியில் பிடித்துத் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுகிறேன். சாப்பாடு தனி பேசினில்; இந்த ஒரு காரியத்தால் பாதி அழுக்கு குறைந்தது. ஏறிக் காய ஒரு கல், காலை வெயில். ஓட்டின் நீளத்தில் ஓர் அங்குலத்துக்கு நாற்பது லிட்டர் என்று ஆமை வளர்ப்பவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். கடை டப்பாவை அந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள்.

"ஆமையே அழுக்குப் பிடித்த ஜந்து, நாறத்தான் செய்யும்" என்கிற நண்பர்களுக்கு ஒரு கேள்வி. உங்களைக் கக்கூசுக்குள் பூட்டி, சாப்பாட்டையும் அங்கேயே போட்டு, வாரம் ஒருநாள் தண்ணீர் ஊற்றினால் நீங்கள் மணப்பீர்களா?

ஒன்றை மறைக்க மாட்டேன். ஆமைக்கு ஒரு நோயும் இல்லாமலேயே அதன் மேலும் தண்ணீரிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஓடு நாலு அங்குலத்துக்குக் குறைந்த குட்டிகளை விற்கக்கூடாது என்று அமெரிக்கா 1975-இல் தடை போட்டது, அங்கே குழந்தைகள் வயிற்றுப்போக்கில் விழுந்ததால்தான். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டவே கூடாது. ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கிற வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம்.

வளர்ந்து தொந்தரவானதும் நம் ஜனங்கள் கண்டுபிடித்த வழி, வில்லியனூர் கோயில் குளம், இல்லாவிட்டால் ஊசுட்டேரி. புண்ணியம் என்று வேறு நினைப்பு. உலகத்தில் அந்நிய இடத்துக்குப் போய் அதிகம் கெடுதல் செய்கிற நூறு உயிரினங்களின் பட்டியலில் இந்த ஆமையும் ஒன்று. நம் ஏரியில் இருக்கிற பாலாமையின் சோற்றிலும் இடத்திலும் பங்குக்கு வரும். 1997-இல் ஐரோப்பாவே இதன் இறக்குமதியை நிறுத்திவிட்டது. என் பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் விடுங்கள் சார், விடுங்கள் சார் என்கிறார். விடமாட்டேன். எனக்குப் பிறகு யார் பார்ப்பது என்று பேரனிடம் பேசி, உயில் மாதிரி ஒரு தாளில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

போன வாரம் அதே கடைப் பக்கம் போனேன். அதே டப்பா, அதே தென்னை மரம். ஓர் அம்மாள் பிள்ளையோடு நின்று விலை பேசிக்கொண்டிருந்தார். என் போனில் இருந்த எங்கள் ஆமையின் படத்தைக் காட்டினேன்; இரண்டே வருடத்தில் உள்ளங்கை அளவு. அந்த அம்மாள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "பெரியவரே, ஏன் வியாபாரத்தைக் கெடுக்கறீங்க?" என்றார் கடைக்காரர்.

அதற்காகத்தான் போனேன். சாயந்திர நடையை இப்போது அந்தத் தெரு வழியாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.