விசில் வாயில, கண்ணு எங்கே?

வார நாள்ல கோடிங், ஞாயித்துக்கிழமை ஸ்கூல் பசங்க பாஸ்கெட்பால் மேட்ச்ல விசில். ரெண்டு வருஷமா இதான் நம்ம பொழப்பு. மொதல் சீசன்ல நான் பண்ணின ஒரு சொதப்பலை இன்னிக்குக் கொட்டிடறேன்.

கடைசி குவார்ட்டர், ரெண்டு நிமிஷம் பாக்கி. ஒருத்தன் லே-அப்புக்கு எகிறினான். ஏற்கனவே நாலு ஃபவுல் வாங்கியிருந்த பையன் எதிர்ல எகிறித் தடுத்தான். 'பட்'டுன்னு சத்தம், லே-அப் பையன் கீழே. விசில் அடிச்சு முஷ்டியைத் தூக்கிட்டேன். ஃபிபா விதிப்படி அஞ்சு ஃபவுல்னா வெளியே போகணும். தடுத்த பையன் ஒண்ணும் பேசாம பெஞ்சுல உட்கார்ந்து துண்டால மூஞ்சியை மூடிக்கிட்டான்.

ராத்திரி ஒரு அப்பா மொபைல்ல எடுத்த வீடியோவைப் பார்த்தேன். சத்தம் பந்துல கை பட்டது. தடுத்தவன் நேரா மேலே எகிறியிருக்கான், கையும் செங்குத்தா. மோதினது மத்தவன்தான். அது ஃபவுலே இல்லை!

விதி தெரியாமலா? ஆட்டக்காரன் நிக்கற இடமும் அதுக்கு நேர் மேலே இருக்கற காத்தும் அவனுக்குச் சொந்தம். இதுதான் 'சிலிண்டர்' விதி, எனக்கு மனப்பாடம். ஆனா என் கண்ணு பந்து மேலயே இருந்தது. பார்க்காததைக் காது இட்டுக்கட்டிடுச்சு. எர்ரர் வந்த வரியையே மாத்திக்கிட்டிருக்கற ஃப்ரெஷர் மாதிரி :-)

சீனியர் ரெஃப்ரி ஒருத்தர் வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். "தம்பி, பந்து எங்கயும் ஓடிடாது. தடுக்கறவனை மொதல்ல பாரு. மோதல் முடியட்டும், அப்புறம் ஊது."

அந்தப் பத்து நிமிஷத்துல கத்துக்கிட்டது புத்தகத்துல கிடைக்கலை. பட்டதெல்லாம் ஃபவுல் இல்லை; அதனால யாருக்காவது நியாயமில்லாத சாதகம் கிடைச்சுதான்னு பார்க்கணும். அதுக்காக எல்லாத்துக்கும் காத்திருக்கவும் கூடாது. எகிறினவன் இறங்கற இடத்துல ஒருத்தன் காலை விட்டா உடனே ஊதணும், கணுக்கால் போயிடும். முக்கியமா, இந்தப் பக்கம் தப்பு பண்ணிட்டோமேன்னு அந்தப் பக்கம் ஒரு ஃபவுல் கொடுத்து சரிக்கட்டக் கூடாது. அது ரெண்டாவது தப்பு.

அதனால என் கட்சி இதுதான்: புது ரெஃப்ரிக்கு இன்னொரு எழுத்துப் பரீட்சை வேண்டாம். கூட ஒரு சீனியரைப் போடுங்க, மேட்ச் முடிஞ்சதும் வீடியோவோட பத்து நிமிஷம் உட்கார வைங்க. சைடுல நின்னு கத்தற பெற்றோர்களே, கத்தினா புதுசா வந்தவன் பயத்துல இன்னும் சீக்கிரமா ஊதுவான், அவ்ளோதான்.

அடுத்த வாரம் அந்தப் பையன்கிட்ட போய் "தப்பு என் மேலதான்டா"ன்னு சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும்ண்ணா"ன்னான்.