சமயத்துக்குப் புள்ளி எதற்கு?

இலங்கையில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைக்குப் பாடங்கள் ஒன்பது. அவற்றில் ஆறு கட்டாயம். கணிதம், விஞ்ஞானம், தாய்மொழி ஆகியவற்றோடு சமயமும் அந்த ஆறில் ஒன்று. சைவப் பிள்ளை சைவநெறி எழுதும், முஸ்லிம் பிள்ளை இஸ்லாம் எழுதும், பெரும்பான்மைச் சிங்களப் பிள்ளைகள் பௌத்தம் எழுதுவார்கள். கிறிஸ்தவத்துக்குள்ளும் கத்தோலிக்கம் தனி வினாத்தாள். பாடத்திட்டத்தை மாற்றுவதுபற்றி இவ்வளவு பேசுகிறோம், இந்த ஏற்பாட்டை மட்டும் எவரும் தொடுவதில்லை. சமயத்தைக் கட்டாயப் பரீட்சைப் பாடங்களிலிருந்து எடுத்துவிட வேண்டும். அந்தப் பாடவேளையில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருந்து இந்நாட்டின் சமயங்கள் அனைத்தையும்பற்றிப் படிக்க வேண்டும். இதுவே எமது நிலைப்பாடு.

இதைக் கேட்டதும் யாழ்ப்பாணத்தில் பலருக்கு முகம் சுளிக்கும். அதற்கு வரலாற்று நியாயம் உண்டு. மிஷன் பாடசாலையில் படிக்கப்போன பிள்ளை பைபிளும் சேர்த்தே படிக்க வேண்டியிருந்த காலத்தில்தான், 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பின்னர் சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊரூராகப் பாடசாலை நிறுவியதும் அதே காரணத்துக்காகவே. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, அந்தந்தச் சமயத்தைக் கற்பிக்கும் கடமையும் அரசின் தலையில் வந்து அமர்ந்தது. தற்காப்புக்காகத் தொடங்கிய ஒன்று இப்படித்தான் பரீட்சைத் திணைக்களத்தின் பாட இலக்கமாக முடிந்தது.

முடிந்த விதத்தைப் பாருங்கள். பதி, பசு, பாசம் மூன்றையும் சில வரிகளில் விளக்கி, நாயன்மார் ஒருவரின் வரலாற்றைக் குறிப்பெடுத்து ஒப்புவித்தால் ‘ஏ’ சித்தி கிடைக்கிறது. “சமயம்தானே, லேசாகப் புள்ளி எடுக்கலாம்” என்பது தனியார் வகுப்புகளில் கேட்டுக் கேட்டுச் சலித்த வாக்கியம். பக்தர்களுக்கல்லவா இது உறுத்த வேண்டும்? அதே பிள்ளைக்குப் பக்கத்து வாங்கில் இருப்பவன் ஏன் நோன்பு பிடிக்கிறான் என்று தெரியாது. அவனுக்கும் இவன் ஏன் கந்தசஷ்டிக்கு விரதம் இருக்கிறான் என்று தெரியாது. சமயப் பாடவேளை வந்தால் ஆளுக்கொரு அறைக்குப் பிரிந்துவிடுகிறார்கள். வேற்றுச் சமயத்தவர் நாலைந்து பேரே படிக்கும் பாடசாலைகளில் அவர்களுக்கு ஆசிரியர் கிடைப்பதும் அரிது. வகுப்பின் பின்வரிசையில் சும்மா இருக்க வேண்டியதுதான். மனச்சாட்சிச் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை எல்லோருக்கும் தருகிறது. எந்தச் சமயமும் வேண்டாம் என்று நினைக்கும் குடும்பத்துப் பிள்ளையும் ஒரு சமயத்தைத் தெரிவுசெய்தே பரீட்சை மண்டபத்துக்குள் போக வேண்டியிருக்கிறது.

எதிர்வாதங்களில் ஒன்று கனமானது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் 9ஆம் உறுப்புரையை வைத்துக்கொண்டிருக்கும் அரசு பொதுப்பாடம் எழுதினால், அது பௌத்தப் பாடமாகத்தானே வந்து சேரும்? இருக்கிற சைவநெறியையும் கைவிட்டுவிட்டு எங்கே போவது? இந்தப் பயத்தை வீண்பயம் என்று நாம் சொல்லமாட்டோம். வரலாற்றுப் பாடநூல்களில் தமிழருக்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கிறது என்பதைப் புரட்டிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவும் முடியாது. ஆனால் தனிப்பாடமாக இருந்தால் சிறுபான்மைச் சமயம் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கைதான் இடறுகிறது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின் இஸ்லாம் பாடநூல்களுக்கு நேர்ந்தது நினைவிருக்கும்: மீளாய்வு என்று சொல்லி அரசே அவற்றைத் திருப்பிப் பெற்றது. அரசு அச்சிடும் நூலில் எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்பதை முடிவில் அரசுதான் தீர்மானிக்கும். அந்த அதிகாரத்திடம் திருமுறையை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருப்பது எப்படி?

சமயத்தை நம்பிக்கையோடு கற்பிக்க வேறு இடங்கள் இருக்கின்றன. அறநெறிப் பாடசாலை, குர்ஆன் மதரஸா, மறைக்கல்வி வகுப்பு, பௌத்தரின் தஹம் பாசல் எல்லாம் ஏற்கெனவே நடக்கின்றன. ஞாயிறு காலையில் தனியார் வகுப்புகளை நிறுத்தி அறநெறி வகுப்புக்கு வழிவிட வேண்டும் என்ற கோரிக்கை வடக்கில் அடிக்கடி எழுவதுண்டு. அது நியாயமான கோரிக்கை; பெற்றோர்தான் அதை முதலில் மதிக்க வேண்டும். பிள்ளையை ஞாயிறன்று கணித வகுப்புக்கு அனுப்பிவிட்டு, சமயத்தை அரசு பார்த்துக்கொள்ளட்டும் என்பது பக்தியில் சேராது.

பொதுப்பாடம் எப்படி வர வேண்டும் என்பதிலும் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. ஒவ்வொரு சமயத்தின் பகுதியையும் அந்தச் சமயத்தின் அறிஞர்களே எழுத வேண்டும். அவர்கள் ஒப்பாமல் ஒரு வரியும் மாறக்கூடாது. தமிழ் நூல் சிங்கள நூலின் மொழிபெயர்ப்பாக இருக்கக்கூடாது. எல்லாச் சமயத்துக்கும் ஒரே பக்க அளவு வேண்டும். சமயம் வேண்டாம் என்பவர்களின் நியாயத்துக்கும் ஓர் அத்தியாயம் வேண்டும். பாடத்தை வகுப்பறையிலேயே மதிப்பிட்டால் போதும், தேசியப் பரீட்சை தேவையில்லை. இவற்றைச் சட்டத்தில் எழுதிய பிறகே சைவநெறி வினாத்தாளை எடுக்கலாம். அதற்கு முன் எடுக்க முனைந்தால் அதை எதிர்த்தும் இதே பத்தியில் எழுதுவோம்.